‘இருபது ஒன்று’ என்று கூப்பிட்ட பெட்டி

1. ஒரு கைக்கு எத்தனை டாக்டர்

இருபதாம் நம்பர் டோக்கன் வைத்திருந்தவர் ஒரு பிரஸ் ஆபரேட்டர். இடது கையில் கட்டு. டோக்கன் கூப்பிட நாங்கள் மாட்டிய பெட்டி அவரை நான்காவது முறை கூப்பிட்டதும், டாக்டர் அறைக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்தார்.

“அண்ணாத்தே, இன்னா இது? ஒண்ணாம் ரூமுக்கு வான்னுச்சு, போனேன். ஒடனே மூணாம் ரூமுன்னுச்சு. அங்க போய் நின்னா ரெண்டாம் ரூமுன்னுது. ஒரு கைக்கு எத்தினி டாக்டர் பாப்பாங்க?”

அவர் பின்னாலேயே மருந்து வாங்கும் ஜன்னலிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடையது ஒன்றாம் நம்பர் டோக்கன். “ஊசி போட்டாச்சு, மாத்திரையும் வாங்கியாச்சு. திரும்ப இன்னாத்துக்குக் கூப்புடறீங்க?” என்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டாம் நம்பரும் மூன்றாம் நம்பரும் வந்து நின்றார்கள்.

அதற்குள் பெட்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டது. முதலில் ‘டிங்-டாங்’ மணி. பிறகு தெளிவான பெண் குரல்: “டோக்கன் எண்… இருபது… நான்கு… அறை எண்… ஒன்று… வரவும்.”

“பாத்தியா, மறுபடி நான்தான்” என்றார் பிரஸ் ஆபரேட்டர். நான்காம் நம்பர் பெரியவர் ஒருவர், வீட்டுக்குப் போகச் செருப்பை மாட்டியவர், மறுபடி கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

பெட்டி கூப்பிட்டது அவர்களில் யாரையும் இல்லை. இருபத்தி நான்காம் நம்பரை. அந்த டோக்கன்காரர் கடைசி பெஞ்சில், தன் முறை இன்னும் வரவில்லை என்று அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இருந்த ஒரு தொழிலாளர் மருந்தகம் அது. தொண்ணூறுகளின் தொடக்கம். பேசும் பெட்டியை நாங்கள் முதன்முதலாகத் தமிழில் மாட்டிய நாள், வெள்ளிக்கிழமை.

அந்த ஹாலில் டோக்கன் கூப்பிடும் வேலை கோதண்டம் என்பவருடையது. பல வருடம் கத்திக் கத்தித் தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்திருந்தார்கள். இனிமேல் சத்தம் போட்டால் இருக்கிற குரலும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெட்டி வருகிறது என்று தெரிந்ததும் எங்களைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் அவர்தான். எண்ணை அழுத்தினால் போதும், பெட்டியே கூப்பிடும்.

இப்போது ஹாலில் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மூன்று டாக்டர்களின் வாசலிலும் தள்ளுமுள்ளு. கோதண்டம் அதைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த ஸ்டூலைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்.

“இருபத்தி நாலு. இருபத்தி நாலு யாருப்பா? ஒண்ணாம் ரூமு.”

கடைசி பெஞ்சுக்காரர் எழுந்து வந்தார். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். இரண்டே வரிதான் கத்தினார். இரண்டாவது வரியின் முடிவில் குரல் இல்லை, காற்றுதான் வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

சூப்பரின்டெண்டென்ட் வெளியே வந்தார். என்னையும் எங்கள் முதலாளி ஜெயபாலையும் பார்த்தார்.

“திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அன்னிக்கும் இப்படித்தான்னா பெட்டியக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க. கோதண்டம், உன்னக் கூப்பிடற வேலைக்குத்தான் போட்டிருக்கு. வேற போஸ்ட் எங்கிட்ட இல்ல. ஒண்ணு நீ கூப்பிடணும், இல்ல வீட்ல இருக்கணும்.”

கோதண்டம் தலையை ஆட்டினார்.

2. ஆங்கிலத் தாள்

நான் நூம்பலில் பிறந்தவன். வீட்டில் எல்லோரும் கழனி வேலை செய்தவர்கள். கழனி பிளாட் ஆனதும் ஆளுக்கொரு கம்பெனிக்குப் போனார்கள். நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றேன். குமணன்சாவடியில் லாரி ஏறி கிளீனராகப் பெங்களூர் ரோட்டில் சுற்றினேன். பிறகு செங்கல் சூளை, அண்ணனூர் ஷெட்டில் ரயில் பெட்டி கழுவும் காண்ட்ராக்ட், ஆவடியில் ஒரு கேண்டீன். பட்டினி கிடந்ததும் உண்டு, பிளாட்பாரத்தில் படுத்ததும் உண்டு. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை கோணலாகப் போனால் நான் சண்டை போட மாட்டேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதுதான் என் வழக்கம்.

கொஞ்சம் நிலைத்து இருந்தது குமணன்சாவடி மைக் செட் கடை ஒன்றில்தான். ஆம்ப்ளிஃபயர், டேப் டெக் எல்லாம் அங்கே கைக்குப் பழகின. ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. ரெக்கார்டிங் எடுக்கும்போது நடுவில் டேப்பை நிறுத்த மாட்டேன். நிறுத்திப் போட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம் டேப்பில் விழும். அதைக் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் கேட்டால் அடுத்த தெரு நாய் குரைக்கும். அதனால் கேசட் தீரும்வரை ஓடட்டும் என்று விட்டுவிடுவேன்.

அங்கிருந்து ஜெயபால் சாரின் பட்டறைக்கு வந்தேன். எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடி. படுக்கையும் அங்கேயே, அட்டைப் பெட்டிகளை விரித்து. ஜெயபால் ரேடியோ மெக்கானிக்காக இருந்து, தானே படித்து, டிஜிட்டல் மெசேஜ் பிளேயர் செய்யக் கற்றவர். டேப் கிடையாது, ஓடும் பாகம் கிடையாது. குரலைக் கம்ப்யூட்டர் வழியாக ஈப்ராம் என்ற சிப்பில் ஏற்றிவிடுவோம். சிப்பின் தலையில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். தப்பாகிவிட்டால் ஊதா விளக்குப் பெட்டியில் வைத்து அழித்து, மறுபடி ஏற்ற வேண்டும்.

குரலை ஏற்றினால் மட்டும் பெட்டி பேசிவிடாது. எந்த எண்ணை அழுத்தினால் எந்தச் சொல்லை, எந்த வரிசையில் பேச வேண்டும் என்று அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு அட்ரஸ்: சிப்பில் அது தொடங்கும் இடம், முடியும் இடம். இதைத்தான் நாங்கள் ஸ்கிரிப்ட் என்போம். அந்த வேலை என்னுடையது. அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. கவனம் வேண்டும், பிடிவாதம் வேண்டும்.

அதற்கு முன் ஒரு வங்கிக்கு இதே பெட்டியை ஆங்கிலத்தில் செய்து கொடுத்திருந்தோம். ட்வென்டி என்று ஒரு சொல், ஒன் என்று ஒரு சொல். இரண்டையும் சேர்த்தால் ட்வென்டி ஒன். மருந்தக ஆர்டர் வந்ததும் ஜெயபால் அந்த ஆங்கில ஸ்கிரிப்ட் தாளை என்னிடம் கொடுத்தார்.

“ஏழுமலை, அதேதான். ட்வென்டிக்கு இருபது போடு, ஒன்னுக்கு ஒன்று போடு. பதினொண்ணுலேர்ந்து பத்தொம்போது வரைக்கும் மட்டும் தனித்தனியா எடுத்துக்கோ.”

அப்படியே போட்டேன். பட்டறையில் ஓடவிட்டுக் கேட்டோம். ஐந்து, பதினேழு, ஐம்பது, நூறு எல்லாம் அழகாக வந்தன. இருபத்தி ஒன்றை அழுத்தினால் “இருபது… ஒன்று” என்றது.

“வெள்ளைக்காரன் பேசற தமிழ் மாரி கீதே” என்றார் ஜெயபால். “புரியுதில்ல? போவட்டும்.”

எங்களுக்குப் புரிந்தது. ஏனென்றால் எந்த எண்ணை அழுத்தினோம் என்று எங்களுக்குத் தெரியும். கையில் டோக்கனை வைத்துக்கொண்டு காய்ச்சலோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. தமிழில் ‘இருபது’ என்று முடித்துவிட்டால் அந்த எண் அங்கேயே முடிந்துபோகிறது. அதற்குமேல் ‘ஒன்று’ என்றால் அது இன்னொரு ஆள். எண் தொடர்கிறது என்று காட்டுவது அந்த ‘த்தி’தான். பிறந்ததிலிருந்து சொல்லிவருகிற சத்தம். அது இல்லாமல் போனால் ஆளே மாறிப்போகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

3. இடமில்லை

முந்தின நாள் மாலையே கழற்றி எடுத்துவந்த பெட்டியைச் சனிக்கிழமை காலை திறந்து மேஜையில் வைத்தோம். நான் ஒரு பக்கம், ஜெயபால் ஒரு பக்கம். மருந்தகம் அன்று அரை நாள்தான். காம்பவுண்டரைக் கூப்பிடவைத்து அதை ஓட்டிவிட்டு, மதியம் கோதண்டமும் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். கழுத்தில் மப்ளர். குசுகுசுவென்றுதான் பேசினார்.

“ஊட்ல உக்காந்தா ஒரே ரோசனையா கீது நைனா. இங்க ஓரமா குந்திக்கறேன்.”

முதலில் எளிய வழிகளைப் பார்த்தோம். எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லலாமா என்றார் ஜெயபால். இரண்டு, ஒன்று என்று.

கோதண்டம் விரலைத் தூக்கினார். “அப்போ ரெண்டாம் நம்பரும் ஒண்ணாம் நம்பரும் வரும் சார்.”

ஆங்கிலத்திலேயே விட்டுவிடலாமா என்று கேட்டேன். சூப்பரின்டெண்டென்ட் முதலிலேயே மறுத்துவிட்டார் என்றார் ஜெயபால். வருபவர்களில் பாதி தொழிலாளர்களின் அம்மாக்கள்.

அப்படியானால் இருபத்தி, முப்பத்தி, நாற்பத்தி என்று தொண்ணூற்றி, நூற்றி வரை புதிய சொற்கள் வேண்டும். இரண்டு சிக்கல். ஒன்று, சிப்பில் இடமில்லை. இருந்த சாக்கெட் எல்லாவற்றிலும் சிப் மாட்டி, கழுத்துவரை நிரப்பியிருந்தோம். இரண்டாவது, குரல்.

குரல் கொடுத்தவர் சுகந்தி அக்கா. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தார். கணவருக்கு அங்கே வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குவார்ட்டர்ஸ் விழாக்களில் மைக் பிடித்து அறிவிப்பு செய்கிறவர். அவர் வீட்டு முன்னறையில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி ரெக்கார்டிங் எடுத்தோம். அப்போது அவருக்கு மாதம் ஏறியிருந்தது. முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க எண்களைச் சொல்லி முடித்தார். மறுவாரமே தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

“வேற பொம்பளைய வெச்சு அந்தச் சொல்ல மட்டும் எடுத்தா?” என்றார் ஜெயபால்.

கீழே லேத் பட்டறைக்கு டீ கொண்டுவரும் அம்மாவைக் கூப்பிட்டு ‘இருபத்தி’ சொல்லச் சொன்னோம். சுகந்தி அக்காவின் ‘ஒன்று’ அதற்குப் பின்னால் ஓடியது. கேட்ட டீக்கார அம்மாவே சிரித்துவிட்டாள். “இன்னா சார், ரெண்டு பொம்பளைங்க குழாயாண்ட சண்ட போடற மாரி கீது.”

ஜெயபால் சாலிடரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்தார். “திங்கக்கிழம போய் ஸ்பீக்கரயும் கழட்டிட்டு வந்துருவோம் ஏழுமலை.”

பழைய நானாக இருந்தால் அந்த இடத்தில் பையைத் தேடியிருப்பேன். பை ஆணியில்தான் தொங்கியது. ஆனால் ஸ்டூலில் கோதண்டம் உட்கார்ந்திருந்தார். அவர் எங்கே போவார் என்று யோசித்தேன். எனக்கு அடுத்த ஊர் இருக்கிறது. அவர் தொண்டைக்கு அடுத்த தொண்டை இல்லை.

“அண்ணே, நீங்க சொல்லுங்க. கத்தாதீங்க, சும்மா வாய்க்குள்ள. இருபது சொல்லுங்க. அப்பறம் இருபத்தி ஒண்ணு.”

அவர் குசுகுசுத்தார். “இருபது. இருபத்தி ஒண்ணு.”

“மறுபடி.”

“இருபது. இருபத்தி ஒண்ணு. முப்பது. முப்பத்தி ஒண்ணு.”

அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘இருப’ வரை இரண்டும் ஒன்றுதான். பிறகு ஒன்று ‘து’ என்று முடிகிறது. இன்னொன்றில் நாக்கு ஒரு நொடி பல்லில் ஒட்டி நின்று, ‘த்தி’ என்று விடுகிறது.

“சார், இருபதுன்னு ஏத்தி வெச்சிருக்கோமே, அதுல முடியற அட்ரஸ முன்னாடி இழுத்துட்டா ‘து’ வராதில்ல? ‘இருப’ன்னு நின்னுடும்?”

ஜெயபால் ஸ்கிரிப்ட் தாளை இழுத்து அட்ரஸ்களை விரலால் ஓட்டிப் பார்த்தார். “நிக்கும். அதே சிப், அதே சொல்லு. புதுசா எடம் தேவையில்ல.” பிறகு விறுவிறுவென்று சொல்லிக்கொண்டே போனார். “முப்ப, நாற்ப, அம்ப, எல்லாம் அதே கணக்கு. தொண்ணூறுல ‘று’வ வெட்டு, நூறுல ‘று’வ வெட்டு. பேச்சுல தொண்ணூத்தி, நூத்திதானே. எல்லாத்துக்கும் ஒரே ஒரு ‘த்தி’ போதும். அந்தச் சின்னத் துண்டுக்கு மணியில எடம் எடுக்கலாம். டிங்-டாங்ல டாங்க வெட்டிடு.”

அதோடு நிறுத்தினார். “சரி, ‘த்தி’க்கு எங்க போவ? அந்தம்மா திருநெல்வேலில கீது.”

4. நிறுத்தி

ஞாயிறு காலை சுகந்தி அக்காவின் கேசட்டை டெக்கில் போட்டேன். சிப்பில் ஏற்றியது அதிலிருந்து பொறுக்கிய சொற்களை மட்டும்தான். மிச்சம் கேட்பாரில்லாமல் கேசட்டிலேயே கிடந்தது. நான் டேப்பை நிறுத்தாதவன் என்பதால் அன்று அந்த முன்னறையில் நடந்தது அத்தனையும் அதில் இருந்தது.

மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். ‘ஏழு’. ‘எட்டு’. குக்கர் விசில். அடுத்த வீட்டுப் பையனின் அழுகை. “தண்ணி கொஞ்சம் எடுத்துத் தாங்க.” அதில் இருந்த ‘த்து’வைக் கேட்டு ஜெயபால் நிமிர்ந்தார், ‘த்தி’ இல்லை என்று மறுபடி குனிந்தார். நான் ஏதோ கேட்கிறேன், அவர் சிரிக்கிறார். “எங்க ஊர்ல நாப்பதும்போம், இதுல நாற்பதுன்னுல்லா எழுதியிருக்கு.” ஒரு பக்கம் தீர்ந்தது. இரண்டாம் பக்கம் போட்டேன். அறை எண்கள் வந்தன.

அறை எண் ஒன்றுக்கு முன்னால் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு சுகந்தி அக்கா கேட்கிறார்: “தம்பி, ஒவ்வொண்ணையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லணுமா, இல்ல கடகடன்னு சொல்லிரவா?”

கோதண்டத்தின் கை என் தோளில் விழுந்தது. “நிறுத்தி” என்றார். டேப்பை நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்து நிறுத்தினேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். “அது இல்ல நைனா. நிறு-த்தி. அதுல கீது பாரு.”

திருப்பிப் போட்டோம். இருந்தது. ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. இரண்டாவதில் பின்னால் ‘ச்’ ஒட்டிக்கொண்டிருந்தது, முதலாவது சுத்தம். கேள்வியாகக் கேட்டதால் குரல் லேசாக மேலே ஏறி நின்றது. எண் இன்னும் முடியவில்லை என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான ஏற்றம் கிடைக்காது.

ஆனால் உடனே கூடிவரவில்லை. முதல் முறை முடியும் அட்ரஸைப் போதிய அளவு இழுக்கவில்லை. “இருபதுத்தி” என்றது பெட்டி. சிப்பை அழித்து, மாற்றி, ஏற்றினோம். இப்போது அதிகமாக வெட்டிவிட்டோம், “இருத்தி ஒன்று” என்றது. “உக்கார வெச்சுருச்சுடா” என்றார் ஜெயபால். மறுபடி விளக்குப் பெட்டி. நடுவில் கரண்ட் போனது. டீ குடித்தோம். கரண்ட் வந்ததும் தொடர்ந்தோம். ஐம்பது கடைசிவரை அடம் பிடித்தது. வெட்டும் இடத்தில் ஒரு ‘டிக்’ கேட்டது. அதைச் சரிசெய்ய மதியச் சாப்பாட்டை விட்டோம்.

பிறகு ஸ்கிரிப்ட் முழுவதையும் புதிதாக எழுதினேன். பத்தின் மடங்கு தனியாக வந்தால் முழுச் சொல். பின்னால் எண் இருந்தால் வெட்டிய சொல், ‘த்தி’, பிறகு எண். நூறுக்கும் அதே விதி. ஆங்கிலத் தாளை அன்று மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஜெயபால் 121 என்று அழுத்தினார். “டிங். டோக்கன் எண்… நூத்தி இருபத்தி ஒன்று.”

நான்கு இடத்துத் துண்டுகள். ஒரே பெண் ஒரே மூச்சில் சொன்னதுபோல் இருந்தது. கோதண்டம் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார், ஏதோ அவரைக் கூப்பிட்டதுபோல.

5. ஸ்டூல்

திங்கட்கிழமை ஹால் நிறைந்திருந்தது. சூப்பரின்டெண்டென்ட் வாசலில் கையைக் கட்டி நின்றார். ஒன்றிலிருந்து இருபது வரை வெள்ளிக்கிழமையும் ஒழுங்காகத்தான் போயிற்று, அதனால் அது கணக்கில்லை. கோதண்டம் சாவிப் பலகைக்கு முன்னால் நின்றபடியே எண்களை அழுத்தினார். மாட்டியதிலிருந்து அவர் அப்படித்தான் நின்றார். பெட்டி தவறினால் கத்த வேண்டுமே என்று தயாராக.

இருபதாம் நம்பர் ஒரு பாட்டியம்மா. மூன்றாம் அறை வாசலில் காத்திருந்தார்.

கோதண்டம் அடுத்த எண்ணை அழுத்தினார். “டிங். டோக்கன் எண்… இருபத்தி ஒன்று… அறை எண்… இரண்டு… வரவும்.”

நான் பாட்டியம்மாவைப் பார்த்தேன். அசையவில்லை. மருந்து ஜன்னலைப் பார்த்தேன். ஒன்றாம் நம்பர்காரர் மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. நடு பெஞ்சிலிருந்து ஒரே ஒரு ஆள் எழுந்து, லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு இரண்டாம் அறைக்குள் போனார்.

இருபத்தி இரண்டு. ஒரே ஆள். இருபத்தி மூன்று. ஒரே ஆள்.

சூப்பரின்டெண்டென்ட் கேட்டார்: “மணியில ஏதோ குறையுதே?”

“புது மாடல் சார்” என்றார் ஜெயபால்.

அவர் உள்ளே போய்விட்டார். முப்பதைத் தாண்டியதும் கோதண்டம் ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஹாலில் அவர் உட்கார்ந்து வேலை செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சில மாதம் கழித்துப் பெட்டியைச் சுத்தம் செய்யப் போயிருந்தேன். சுகந்தி அக்கா குழந்தையோடு வந்திருந்தார். தன் குரல் பேசுவதைக் கேட்க வேண்டும் என்று கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

“ஏன் தம்பி, இது என் குரல்தான். ஆனா நான் இருபதுன்னுதானே சொன்னேன். இருபத்தின்னு சொல்லவே இல்லியே. எப்பச் சொன்னேன்?”

நான் பதில் சொல்வதற்குள் ஸ்டூலிலிருந்து கோதண்டம் குசுகுசுத்தார். “நீ மூச்சு வாங்கிகினு ஒரு கேள்வி கேட்டியேம்மா. அப்போ சொன்ன.”

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. பெட்டியைப் பேசவைப்பதற்கு முன்னால், அதைக் கேட்கப் போகிறவர்களோடு பெஞ்சில் போய் உட்காருங்கள். பட்டறையில் உங்களுக்குப் புரிவது போதாது. ரெக்கார்டிங் எடுக்கும்போது டேப்பை நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்ததை எல்லோரும் வாசித்துவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியதை அவர்கள் நடுவில், வேறு ஏதோ பேச்சில் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாவது எனக்கு நானே சொல்லிக்கொண்டது. ஆணியில் தொங்கிய பையை அந்த வாரம் கழற்றி, அதில் பழைய கேசட்டுகளைப் போட்டு அலமாரியில் வைத்தேன். அதற்குப் பிறகு பை என்று ஒன்று என்னிடம் இருந்ததில்லை.